எண் வரவில்லை

மால்டோவாவில், நீஸ்ட்ரு ஆற்றங்கரை ஊரொன்றில்
ஊராட்சி அலுவலகத்துக்கு எதிரே எங்கள் வேன் நின்றது.
நவம்பர்.
புது ஒயின் இன்னும் வாயடங்காமல்
வீட்டுக்கு வீடு நிலவறையில் முணுமுணுக்கும் மாதம்.

படிவத்தில் ஐந்தாவது கேள்வி: குடிப்பதுண்டா?
"இல்லை" என்றார் பாம்ஃபில்.
ஒயின்?
"அதையா கேட்கிறாய்? அது சாப்பாடு."
எத்தனை கிளாஸ்?
"மூன்று லிட்டர் ஜாடியை யார் கிளாஸில் எண்ணுவார்கள்?"
கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன்.
கோட்டுக்குப் பக்கத்தில் என் மதிப்பீடு, பென்சிலால்.

சட்டையைக் கழற்றி மல்லாந்தார்.
விலா எலும்புகள் விலகி வழிவிட
வலக்கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொன்னேன்.
ஜெல் பட்டதும் வயிறு உள்வாங்கியது.
எங்கள் ஹீட்டர் ஒரு பக்கம்தான் வேலை செய்யும்,
அது டிரைவர் பக்கம்.

கருவி விலா இடுக்கில் ஒரு தட்டு தட்டும்.
தோலுக்கடியில் ஓர் அலை கிளம்பும்.
இளகிய ஈரலில் தயங்கித் தயங்கிப் போகும்,
இறுகியதில் ஓட்டமாய் ஓடும்.
கல்லீரல் என்று சொல்லும்போதே
முன்னால் ஒரு கல், பின்னால் கொஞ்சம் ஈரம்.
எது எவ்வளவு என்பதைத்தான்
கிலோபாஸ்கலில் எழுதிக்கொள்கிறோம்.

நான்காவது தட்டலில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"நிறுத்து. இது என் வேலை."
முப்பது வருடம் கூட்டுறவுக் கிடங்கில்
பீப்பாய்களை விரல்முட்டியால் தட்டி
மிச்சம் எவ்வளவு என்று சொன்னவராம்.
காலியான இடத்தில் சத்தம் வாய் திறக்கும்,
நிரம்பிய இடத்தில் மூடிக்கொள்ளும்.
"என் சத்தம் எப்படி?"
பேசினால் அளவு கெடும் என்றேன்.

பத்துத் தட்டல். நடு எண் பதினேழு.
ஆறைத் தாண்டியிருக்கக் கூடாது.
நான் வாய் திறக்கவில்லை,
சொல்வதற்கு மேசைக்குப் பின்னால் டாக்டர் இருக்கிறார்.
ஆனால் அவர் என் முகத்தைத் தட்டிப் பார்த்துவிட்டார்.

கதவோரம் அவர் கோட்டை மடியில் வைத்திருந்தாள் எஃப்ரோசினியா.
பட்டியலில் இல்லாதவள்.
"படுக்கை சூடாகத்தானே இருக்கிறது,
என்னையும் பாரேன்."
"இவளையா? கல்யாண விருந்தில்கூட உதடு நனைக்காதவள்."
அவள் மறுக்கவில்லை. பாவாடைக் கொக்கியைத் தளர்த்தினாள்.
இடுப்புப் பட்டி இரண்டு முறை பிரித்துத் தைத்தது,
இரண்டு முறையும் வேறு வேறு கறுப்பு நூல்.

தட்டல். எண் வரவில்லை.
இன்னொன்று. வரவில்லை.
அடுத்த விலா இடுக்கு.
பத்தும் செல்லாதவை.
"பழுதா?" என்றார் பாம்ஃபில், கொஞ்சம் சந்தோஷமாக.
அந்த அலைக்கு நீச்சல் தெரியாது.
தண்ணீர் குறுக்கே கிடந்தால் கரையிலேயே நின்றுவிடும்.

ஸ்கேன் கருவியை எடுத்தேன்.
திரையில் முதலில் கறுப்பு, நிறையக் கறுப்பு.
அதன் நடுவில் உரித்த வால்நட்போல
மேடும் பள்ளமுமாய்ச் சுருங்கி
மிதந்துகொண்டிருந்தது.
பாடம் நடத்துகிறவர்கள் இப்படிப் படம் கிடைத்தால்
அழகான படம் என்பார்கள். நானும் என்றிருக்கிறேன்.

எப்போதிருந்து?
கூரையைப் பார்த்துச் சொன்னாள்:
"இவர் கிடங்குக்குக் கிளம்பியதும்
ஜாடி கழுவ நிலவறைக்கு இறங்குவேன்."
எத்தனை ஜாடி என்று நான் கேட்கவில்லை.
அந்த வீட்டில் எண்ணும் வழக்கம் இல்லை.

அவர் எழுந்து வந்தார், பட்டன்கள் தப்பான துளைகளில்.
திரைப் பக்கம் திரும்பவில்லை.
நடுவிரலை மடக்கி
அவள் வயிற்று மேட்டில் மெல்ல ஒரு தட்டு.
காதைச் சாய்த்தார்.
கொஞ்சம் தள்ளி, இன்னொன்று.
எவ்வளவு என்று சொல்லவில்லை.
முட்டியில் ஒட்டிய ஜெல்லைக் கால்சட்டையில் துடைத்தார்.

பட்டியலின் அடியில் அவள் பெயரைச் சேர்த்தேன்.
எழுத்துக்கூட்டிச் சொன்னவர் அவர்தான்,
நடுவில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு.
படுத்தபடியே அவள் திருத்தினாள்.